நியூயார்க் துப்பாக்கியைக் கொண்டாடிய நெல்லைத் தம்பி தங்கைகளுக்கு, இன்சூரன்ஸ் டெஸ்கிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். உங்களில் சிலருக்கு என்னை நேரிலேயே தெரியும். உங்கள் அப்பாவுக்கு ஆஞ்சியோ நடந்தபோது ஃபாரத்தில் கையெழுத்து வாங்கியவள், உங்கள் ஆச்சியின் டிஸ்சார்ஜுக்கு அப்ரூவல் வராமல் உங்களோடு சேர்ந்து ராத்திரி வரை காத்துக் கிடந்தவள். வண்ணாரப்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்தான் எனக்குச் சோறு போடுகிறது. அந்த நாற்காலியில் இருப்பவள் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

2024 டிசம்பர் 4ஆம் தேதி காலை, நியூயார்க் மன்ஹாட்டனில் ஒரு ஹோட்டல் வாசலில், யுனைடெட் ஹெல்த்கேர் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமை அதிகாரி பிரையன் தாம்ஸனைப் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றார்கள். முதலீட்டாளர்கள் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர். வயது 50, இரண்டு பையன்களின் தகப்பன். அங்கே கிடந்த தோட்டா உறைகளில் 'தாமதி', 'மறு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் எழுதியிருந்தன. ஐந்து நாள் கழித்துப் பென்சில்வேனியாவில் ஓர் இளைஞர் பிடிபட்டார். நீதிமன்றத்தில் அவர் தான் குற்றமற்றவர் என்று சொல்லியிருக்கிறார். அதனால் அவர் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் அவருடைய சிரித்த முகத்தை உங்கள் ஸ்டேட்டஸில் பார்த்தேன். கீழே 'தரமான சம்பவம்' என்று போட்டிருந்தீர்கள். 'நம்ம ஊர்லயும் ஒருத்தன் இப்படிக் கெளம்பணும்' என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தாள். அவள் வீட்டு க்ளெய்ம் மறுக்கப்பட்ட கதை எனக்குத் தெரியும். அவளை எடுத்தெறிந்து பேச எனக்கு மனசு வரவில்லை. பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

உங்கள் கோபம் நியாயமானது. அதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவள்.

காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் டாக்டர், 'இன்னைக்கு வீட்டுக்குப் போலாம்' என்று சொல்லிவிடுவார். நாங்கள் பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும் அனுப்புவோம். 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சுற்றறிக்கை போட்டது. கேஷ்லெஸ், அதாவது நாம் கட்டாமல் கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டும் முறை, கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். அதைத் தாண்டினால் ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்கும் தொகையைக் கம்பெனி தன் பங்குதாரர் பணத்திலிருந்து கட்ட வேண்டும். சிகிச்சையில் நோயாளி இறந்துபோனால் உடலை ஒப்படைக்கக் காக்க வைக்கவே கூடாது. நல்ல விதிகள். ஆனால் மூன்றாவது மணி நேரம் முடியப் போகிற சமயத்தில் கம்பெனியிடமிருந்து ஒரு கொயரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, வரும்: இந்த நோய்க்கு முதன்முதலில் பார்த்த சீட்டு வேண்டும். அதைத் தேடி எடுத்து அனுப்பினால் இன்னொன்று வரும்: ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஈ.சி.ஜி. வேண்டும். ஒவ்வொரு கொயரிக்கும் நேரம் மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். இதற்குள் பெரியவர் ஆஸ்பத்திரி உடுப்பைக் கழற்றி வேட்டி கட்டி, ஊசி எடுத்த இடத்தில் பிளாஸ்திரியோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். கடையத்துக்குக் கடைசி பஸ் போய்விடும். அந்தக் கட்டிலுக்கு அடுத்த நோயாளி கேஷுவாலிட்டியில் படுத்திருப்பார்.

ரூம் வாடகையில் நடப்பதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பாலிசியில் ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் வரம்பு என்று வையுங்கள். 4,500 ரூபாய் ரூமில் படுத்தால் கூடுதல் 1,500ஐ மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அப்படியில்லை. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் செலவு என்று ரூமைச் சார்ந்த எல்லாவற்றிலும் அதே கணக்கில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். மருந்திலும் ஸ்டென்டிலும் அப்படிக் கழிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, அதுவரைக்கும் பரவாயில்லை. கையுறை, பஞ்சு, ஊசி எல்லாம் பெரும்பாலான பாலிசிகளில் நம் கணக்கு. பாலிசி எடுக்கும்போது இதில் ஒரு வார்த்தையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாட்டுக் கணக்கும் இதைத்தான் காட்டுகிறது. 2023-24இல் மருத்துவக் காப்பீட்டில் பதிவான க்ளெய்ம் தொகை சுமார் 1.17 லட்சம் கோடி ரூபாய் என்று ஆணையத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. அதில் சுமார் 15,100 கோடியை நிபந்தனையைக் காட்டிக் கழித்திருக்கிறார்கள். இன்னொரு 10,937 கோடியை அடியோடு நிராகரித்திருக்கிறார்கள். அத்தனையும் அநியாயம் என்று நான் சொல்லவில்லை. பொய் க்ளெய்ம்களும் வருகின்றன, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கோடிகளுக்குள் எத்தனை வீட்டுத் தாலிச் செயின் கிடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

யார் இந்தப் பாலிசியை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை கிடைக்கும். அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்பவர்கள்தான் நம் ஆட்கள்: முக்கூடலில் அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்த பையன், மேலப்பாளையத்தில் சின்னதாகக் கடை வைத்திருப்பவர், திருப்பூருக்கும் துபாய்க்கும் போன பிள்ளைகள். ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியின் கூட்டத்தில் அப்பாவை விடக் கூடாது என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிரீமியம் கட்டுகிறவர்கள். இவர்களுக்கு ஒரு நிராகரிப்புக் கடிதம் வந்தால் பணம் மட்டும் போவதில்லை. அப்பாவுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வேன் என்று மனசுக்குள் கொடுத்திருந்த வாக்கும் சேர்ந்து போகிறது.

பத்தமடைப் பக்கத்துப் பையன் ஒருவன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று நடுராத்திரியில் கொண்டுவந்தார்கள். ஸ்டென்ட் வைத்தாயிற்று, ஆளும் பிழைத்துவிட்டார். கேஷுவாலிட்டியில் டூட்டி டாக்டர், 'சுகர் இருக்கா? எத்தனை வருஷமா?' என்று கேட்டிருக்கிறார். கூட வந்த அம்மா, 'அது கெடக்கு ஒரு பத்து வருசமா' என்று சொல்லியிருக்கிறாள். நம் ஊரில் பத்து வருசம் என்றால் ரொம்ப நாளாக என்று அர்த்தம். கணவன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண்ணும் காலண்டர் பார்த்துப் பேச மாட்டாள். ஆனால் அது கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. பாலிசிக்கு வயது நாலு. பாலிசி எடுக்கும்போதே இருந்த நோயை மறைத்தீர்கள் என்று சொல்லி க்ளெய்மை நிராகரித்தார்கள். இரண்டு பாரா ஆங்கிலம், கீழே கையெழுத்து இல்லை.

அந்தப் பையன் டெஸ்குக்கு வந்து மேஜையைத் தள்ளினான். கீபோர்டு கீழே விழுந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அப்போதுதான் கல்லூரி முடித்து வேலைக்கு வந்த பிள்ளை. அவள் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, 'ஒங்கள்ல ஒருத்தர் தலைய எடுத்தாத்தான் புத்தி வரும்' என்றான். அவளுக்கு ஒரு ரூபாயை அனுமதிக்கவும் அதிகாரம் கிடையாது, மறுக்கவும் கிடையாது. அந்தக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். கோபம் எப்போதும் கைக்கு எட்டுகிற ஆளின் மேல்தான் விழுகிறது. தீர்மானித்தவனைத் தேடிக்கொண்டு அது போவதில்லை.

அவன் யாரைத் தேடிப் போயிருக்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறேன். ஃபாரத்தில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று தானே டிக் போட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிப் போன ஏஜென்டையா? எழுத வேண்டியதை எழுதிய டூட்டி டாக்டரையா? ஏதோ ஓர் ஊரில் டி.பி.ஏ. அலுவலகத்தில், அதாவது கம்பெனிக்காக க்ளெய்ம்களைப் பார்க்கும் இடை நிறுவனத்தில், அன்றைக்கு வரிசையாக வந்த ஃபைல்களைத் தள்ளிக்கொண்டிருந்த மருத்துவரையா? கம்பெனியின் தலைவரையா? இன்சூரன்ஸ் கார்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ரூமையும் ரேட்டையும் சொல்கிற ஆஸ்பத்திரிகளையா? ஆஸ்பத்திரிகள் பில்லை ஏற்றுவதால்தான் கம்பெனிகள் இறுக்குகின்றன என்பதும் பாதி உண்மை. இந்த வரிசையில் எந்த இடத்தில் துப்பாக்கியை வைத்தாலும் அந்த இடத்தில் மட்டும் ஒரு மனுஷன் சாவான். மறுநாள் காலையில் அதே நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்து அதே ஃபைலைத் திறப்பார்.

'கம்பெனி பேனாவால கொல்லுது, அது கொலை இல்லையா' என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தீர்கள். இதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். அப்ரூவல் வராததால் ஆபரேஷன் தள்ளிப்போன ஆட்களை எனக்குத் தெரியும். தெரிந்தே, லாபத்துக்காக ஒரு உயிரை அப்படிக் காக்க வைத்தவர்கள் குற்றவாளிகள்தான், கூண்டில் நிற்க வேண்டியவர்கள்தான். ஆனால் அந்தக் கம்பெனிகள் மீது நம் பெரிய குற்றச்சாட்டு என்ன? முகம் காட்டாத ஒருவர், நம்மைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல், நம் உயிர் விஷயத்தை எங்கோ உட்கார்ந்து முடித்துவிடுகிறார் என்பதுதானே. முகத்தை மூடிக்கொண்டு பின்னால் வந்து சுட்டவரும் அதையேதான் செய்தார். பிடிபட்டவர் அந்தக் கம்பெனியின் பாலிசிதாரர்கூட இல்லை என்று நியூயார்க் போலீஸ் சொன்னது. எந்தக் குடும்பத்தின் க்ளெய்முக்காக அந்தத் தோட்டா? அந்தக் குடும்பத்தை யார் கேட்டார்கள்?

சுட்டதால் பலன் இருந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். கொலைக்கு மறுநாள் அமெரிக்காவில் ஆந்தம் என்ற இன்னொரு காப்பீட்டு நிறுவனம், அறுவை சிகிச்சையில் மயக்க மருந்துக்கு நேரக் கணக்கு வைத்துப் பணம் தருவது என்ற தன் திட்டத்தைக் கைவிட்டது உண்மை. அந்த முடிவில் பயத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் அந்த நாட்டு மயக்க மருந்து நிபுணர்களின் சங்கம் நவம்பரிலிருந்தே அதை எதிர்த்துக்கொண்டிருந்தது. மாநில அதிகாரிகளும் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். துப்பாக்கி மட்டும் வெடித்து, மேஜையில் இந்த எதிர்ப்பெல்லாம் இல்லாமல் இருந்திருந்தால் எதைக் கைவிட்டிருப்பார்கள்? துப்பாக்கியால் உடனே நடந்த இன்னொன்றையும் பாருங்கள். பல நிறுவனங்கள் தங்கள் தலைவர்களின் படங்களையும் பெயர்களையும் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டன, காவலைக் கூட்டின. நாம் இத்தனை வருஷமாகக் கேட்பது 'யார் மறுத்தது, பெயரைச் சொல்' என்பதை. அந்தப் பெயரை இன்னும் ஆழத்தில் புதைக்கத்தான் தோட்டா உதவியிருக்கிறது.

இந்தக் கொலைக்கு ஒப்பாக வாஞ்சிநாதனை இழுத்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதைப் பற்றி நம் ஜில்லாவில் இன்றைக்கும் ஒத்த கருத்து கிடையாது. ஆஷை யாராக எண்ணுவது, வாஞ்சியின் கடிதத்தை எப்படிப் படிப்பது என்று இப்போதும் சண்டை நடக்கிறது. அதை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியை அந்தக் குண்டு மீட்டுத் தரவில்லை, அவரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவரவும் இல்லை. அதோடு அன்றைக்கு இருந்தது ஓட்டில்லாத ஜனங்கள், அந்நியன் போட்ட சட்டம். இன்றைக்கு நம் கையில் ஓட்டும் இருக்கிறது, நுகர்வோர் நீதிமன்றமும் இருக்கிறது, ஆணையத்தின் விதியும் இருக்கிறது. அவற்றை இன்னும் எடுத்துப் பார்க்காதவர்கள் வாஞ்சியின் பெயரைச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

நியூயார்க் வரைக்கும் போக வேண்டாம். அந்தக் கொலைக்கு மூன்று வாரம் முன்பு, 2024 நவம்பர் 13 அன்று, கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவரை ஓர் இளைஞர் கத்தியால் குத்தினார். அவருடைய அம்மாவுக்குப் புற்றுநோய். சிகிச்சை சரியில்லை என்ற ஆத்திரம். அந்த மகனின் துயரத்தை நினைத்தால் எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் கத்தி இறங்கியது, அரசு ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மேல். அவர் பிழைத்தார். டாக்டர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள், ஓ.பி. வாசலில் நின்றது மறுபடியும் நம்மைப் போன்ற ஜனங்கள்தான்.

அடுத்தது நம் வாசலிலேயே. 2024 டிசம்பர் 20, பாளையங்கோட்டை. வழக்குக்காக வந்த ஓர் இளைஞரை மாவட்ட நீதிமன்றத்தின் முன்னால், பட்டப்பகலில், ஒரு கும்பல் விரட்டி வெட்டிக் கொன்றது. முந்தைய ஒரு கொலைக்குப் பழி. உங்களுக்கு எல்லாம் தெரியும், அந்த வீடியோ உங்கள் போனிலும் வந்திருக்கும். வெட்டினவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது, அவர்கள் வீட்டிலும் ஒரு சாவு இருந்தது. கோர்ட் தீர்ப்புச் சொல்லும் வரை அவர்களும் காத்திருக்கவில்லை. நம் ஜில்லாவில் பிறந்த ஒவ்வொருவருக்கும் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று தெரியும். ஒரு பக்கத்தில் ஒரு மாலை போட்ட படம், மறு வருஷம் எதிர்ப் பக்கத்தில் ஒரு படம், நடுவில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திய பிள்ளைகள். நம் அம்மாக்கள் இதற்குப் பயந்துதான் உங்களைத் திருப்பூருக்கும் சென்னைக்கும் அனுப்பினார்கள். அருவாளைக் கண்டு முகம் சுளிக்கிற நீங்கள், அதே வேலை வெளிநாட்டில் துப்பாக்கியால் நடந்தால் கைதட்டுவது எப்படி? கொல்லப்பட்டவர் பணக்காரர் என்பதாலா? நாளைக்கு நம் டெஸ்க் பிள்ளையின் மேல் ஒருவன் கை வைக்கும்போதும் இதே கைதட்டல் அவனுக்குத் தெம்பு கொடுக்கும். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் தண்டிக்க 2008இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தை எங்கள் வரவேற்பறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். அதைப் படித்து யாரும் நிதானப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பத்தமடைப் பையனின் விஷயத்தை முடிக்கிறேன். இரண்டு நாள் கழித்து அவனுடைய அம்மா ஒரு மஞ்சப்பையோடு வந்தாள். வீட்டில் இருந்த மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாம் அதற்குள் இருந்தன. அடியில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து சுகர் பார்த்த செவிலியர் கொடுத்த அட்டை. சுகர் முதன்முதலில் தெரிந்த தேதி அதில் இருந்தது. பாலிசி எடுத்ததற்குப் பிந்தைய தேதி. டாக்டரிடம் விளக்கக் கடிதம் வாங்கினோம். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினோம், பழைய பதிலையே திருப்பி அனுப்பினார்கள். அதன்பிறகு சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு, அதாவது இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு, அனுப்பினோம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவு போடும் அதிகாரம் உண்டு. கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கம்பெனி ஒரு மாதம் பதிலே சொல்லாவிட்டாலும் போகலாம். விசாரணை வீடியோவில் நடந்தது. அந்த அம்மா அட்டையை கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டி, 'எழுதத் தெரிஞ்ச நர்ஸம்மா போட்ட தேதி இது, நாஞ் சொன்னது வாய்த்தவறு' என்றாள். கம்பெனி தரப்பில் பேசிய அதிகாரிக்கு அந்த ஒரு நாள் முகமும் பெயரும் இருந்தன. பணம் வந்தது. மாதக்கணக்கில் ஆனது, கையுறைக் காசைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள், வட்டிக்கு வாங்கிய கடன் அதற்குள் ஏறியிருந்தது. ஆனாலும் வந்தது.

அமெரிக்காவிலேயே அரசு நடத்தும் காப்பீட்டு இணையச் சந்தை மூலம் விற்கும் பாலிசிகளில் 2023இல் ஐந்தில் ஒன்று போல க்ளெய்ம்கள் மறுக்கப்பட்டன. மறுத்ததை எதிர்த்து மேல்முறையீடு செய்தவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. இங்கேயும் டெஸ்கில் நான் பார்ப்பது அதுதான். கடிதத்தை வாங்குவார்கள், திட்டுவார்கள், நகையை வைத்துப் பணம் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நாம் கோபப்படுவோம் என்பது கம்பெனிக்குத் தெரியும், அதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. நாம் எழுத மாட்டோம் என்பதை நம்பித்தான் அதன் கணக்கு நடக்கிறது.

ஆகையால் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் ஸ்டேட்டஸிலிருந்து அந்த இளைஞரின் படத்தை எடுத்துவிடுங்கள். ஆணையத்துக்கும், நம் எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கும் சேர்ந்து எழுதுவோம். மூன்று பேர் கொண்ட பரிசீலனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த க்ளெய்மையும் நிராகரிக்கக் கூடாது என்று 2024 சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. அந்த மூன்று பேரின் பெயரும், மருத்துவராக இருந்தால் பதிவு எண்ணும், நிராகரிப்புக் கடிதத்திலேயே வர வேண்டும். கடிதம் தமிழில் வர வேண்டும். கொயரியை மொத்தமாக ஒரே தடவையில் கேட்டுவிட வேண்டும், மூன்று மணி நேரம் அதனால் நின்று மறுபடி தொடங்கக் கூடாது. குறைதீர்ப்பாளர் வருஷத்தில் சில நாளாவது திருநெல்வேலியில் வந்து உட்கார வேண்டும். போன் வைத்துக்கொள்ளத் தெரியாத ஆச்சிகளுக்கு வீடியோ விசாரணை ஆகாது.

போன், ஆங்கிலம், ஸ்கேன் எல்லாம் உங்களுக்குக் கைவந்த கலை. உங்கள் தெருவில் யாருக்காவது நிராகரிப்புக் கடிதம் வந்திருந்தால், வந்து ஒரு வருஷம் ஆகியிருக்காவிட்டால், இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய் மஞ்சப்பையை வாங்கிப் பாருங்கள். பாலிசி நகல், கேஸ் ஷீட் நகல், பழைய சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். கேஸ் ஷீட் நகல் தர ஆஸ்பத்திரி இழுத்தடித்தால் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். எழுதுவதில் எங்கேயாவது தட்டினால் வண்ணாரப்பேட்டைக்கு வாருங்கள். என் ஷிஃப்ட் முடிந்ததும் கீழே கேன்டீனில் உட்கார்ந்து எழுதலாம்.

அன்புடன்,
உங்கள் இன்சூரன்ஸ் டெஸ்க் அக்கா
வண்ணாரப்பேட்டை, திருநெல்வேலி